ஒரு சொல், பல பொருள்: ஸ்பானியச் சொற்றெரிவில் தமிழின் துணை

ஆங்கிலச் சொல் ஒன்றற்கு இருமொழி அகராதி பல ஸ்பானியச் சொற்களைத் தருங்கால், அவற்றுள் எதனைக் கொள்வது என்னும் சிக்கல் நம் மாணவர்க்கு எழுகின்றது. முதற்கண் உள்ள சொல்லையே கொள்வது பெரும்பாலும் பிழைக்கு வழிவகுக்கும்.

'டைம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நேரமில்லை' என்னுமிடத்துத் 'தியெம்போ' என்பதும், 'மணி என்ன?' என வினவுமிடத்து 'ஓரா' என்பதும், 'ஒரு முறை' என்னுமிடத்து 'வேஸ்' என்பதும் வரும். 'கார்னர்' என்பதும் அத்தகையதே. அறையின் மூலை 'ரிங்கோன்'. தெருவின் முனை 'எஸ்கினா'.

இவ்வேறுபாடுகள் நமக்குப் புதியன அல்ல. நேரம், மணி, முறை எனவும், மூலை, முனை எனவும் தமிழ் இவற்றைப் பிரித்தே வழங்குகின்றது. ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியத்தை அணுகும்போது, தாம் அறிந்த இவ்வேறுபாட்டை மாணவர் மறந்துவிடுகின்றனர்.

எனினும், தமிழ் எல்லா இடத்தும் துணைசெய்யும் எனக் கொள்ளலாகாது. நீரில் வாழும் மீன் 'பேஸ்'. உணவுக்கெனப் பிடிக்கப்பட்டது 'பெஸ்காதோ'. 'பிடிக்கப்பட்டது' என்பதே பின்னதன் சொற்பொருள். தமிழில் இரண்டும் மீனே. அவ்வாறே, 'விடை தெரியும்' என்பதற்குச் 'சபேர்' என்னும் வினையும், 'அவரைத் தெரியும்' என்பதற்குக் 'கொனொசேர்' என்னும் வினையும் உரியன.

ஆகவே, சொல்லைத் தேடுமுன் அது அவ்விடத்து உணர்த்தும் பொருளை மாணவர் தமிழில் விரித்துரைத்தல் வேண்டும். பின்னர், தெரிந்தெடுத்த சொல்லை 1713இல் நிறுவப்பெற்ற ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதியில் சரிபார்த்தல் நலம். ஆங்கிலத்தை இடைநிலையாகக் கொண்டு பிறமொழி கற்பிக்கும் நம் வகுப்பறைகளில், இப்பயிற்சி தமிழறிவையும் உடன் வளர்க்கும் என்பது நம் கருத்து.