மூன்று சீருடை, ஒரே படை: கனடா ராணுவத்தின் கட்டமைப்பு

கனடாவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்று பெயர்கள் வழங்கினாலும் சட்டத்தின் பார்வையில் இருப்பது ஒரே படைதான். பல நாடுகள் முப்படைகளையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, மேலே ஒரு கூட்டுத் தலைமையை அமைத்துக்கொண்டன. கனடாவோ 1968 பிப்ரவரி 1 அன்று மூன்று படைகளையும் சட்டப்படி ஒன்றாக்கிவிட்டது.

சிக்கனமும் கட்டுப்பாடும்தான் இதற்குக் காரணம். ஆளெடுப்பு, சம்பளம், மருத்துவம், உளவு, கொள்முதல் என எல்லாவற்றுக்கும் மூன்று படைகளும் தனித்தனி அமைப்பு வைத்திருந்தன. நிர்வாகச் செலவு ஏற ஏற, புதிய தளவாடம் வாங்க மிஞ்சும் தொகை சுருங்கியது. அரசு நிர்வாகத்தை ஆராய்ந்த கிளாஸ்கோ ஆணையம் இந்த வீண்செலவைச் சுட்டிக்காட்டியது. கட்டுப்பாட்டுக் குறையும் வெளிப்பட்டது: 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தபோது, அமைச்சரவை முடிவெடுக்கத் தயங்கிக்கொண்டிருக்க, கடற்படைக் கப்பல்கள் கடலுக்குப் போய்விட்டிருந்தன.

1963-இல் பிரதமர் லெஸ்டர் பியர்சன் அரசில் பாதுகாப்பு அமைச்சரான பால் ஹெல்லியர், மறு ஆண்டே இணைப்புக்கான வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். மூன்று தளபதிகளின் பதவிகளும் 1964-இல் நீக்கப்பட்டு, முப்படைத் தலைமைத் தளபதி என்ற ஒரே பதவி உருவானது. ஏர் சீஃப் மார்ஷல் ஃபிராங்க் மில்லர் அதில் முதலாமவர். அடுத்து, படைகளையே இணைக்கும் சட்டம் 1967-இல் நிறைவேறியது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது, குறிப்பாகக் கடற்படையில். வெளிப்படையாக எதிர்த்த ரியர் அட்மிரல் வில்லியம் லேண்டிமோர் 1966-இல் பதவி நீக்கப்பட்டார். மூத்த அதிகாரிகள் பலர் பணியிலிருந்து விலகினர். ஆனாலும் இணைப்பு நடந்தது; மாலுமி, விமானி, தரைப்படை வீரர் எல்லாருக்கும் ஒரே கரும்பச்சைச் சீருடை வந்தது. பதவிப் பெயர்களும் தரைப்படை முறைக்கு மாறின. கடற்படையில் அது நிலைக்கவில்லை. பழைய பெயர்கள் விரைவிலேயே புழக்கத்துக்குத் திரும்பின. விமானப்படை அதிகாரிகளோ இன்றும் மேஜர், கர்னல், ஜெனரல் என்றே அழைக்கப்படுகிறார்கள்.

யார் கையில் அதிகாரம்?

அரசியலமைப்பின்படி படைகளின் தலைமை கனடாவின் அரசரிடம் உள்ளது. அவர் சார்பில் கவர்னர் ஜெனரல் தலைமைப் படைத்தலைவராக இருக்கிறார். இது சம்பிரதாயப் பதவி. படையை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பது பிரதமரும் அமைச்சரவையும்தான். நாடாளுமன்றத்தில் விவாதம் நடப்பது வழக்கம். அதன் ஒப்புதல் சட்டப்படி கட்டாயமில்லை.

அமைச்சரவைக்கு அடுத்த படியில் பாதுகாப்பு அமைச்சர். தந்தை வழியில் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட அனிதா ஆனந்த் 2021 முதல் 2023 வரை இப்பொறுப்பில் இருந்தார். அமைச்சருக்குக் கீழே இருவர் சமநிலையில் உள்ளனர். முப்படைத் தலைமைத் தளபதி சீருடைப் பக்கம். துணை அமைச்சர் எனப்படும் உயர் அரசு அதிகாரி சிவில் பக்கம். நிதி, கொள்முதல், கொள்கை ஆகியவை பின்னவரைச் சேர்ந்தவை. படைக்கான ஆணைகள் அனைத்தும் தலைமைத் தளபதி வழியாகவே போகவேண்டும் என்கிறது தேசியப் பாதுகாப்புச் சட்டம். 2024 ஜூலையில் ஜெனரல் ஜெனி கரின்யான் இப்பதவிக்கு வந்த முதல் பெண்ணானார்.

தயார் செய்வோரும் களமிறக்குவோரும்

தலைமைத் தளபதியின் கீழே வேலை இரண்டாகப் பிரிகிறது. கடற்படை, தரைப்படை, விமானப்படை ஆகிய மூன்றும் ஆள்களைப் பயிற்றுவித்து, கப்பலையும் விமானத்தையும் தயார்நிலையில் வைக்கின்றன. அவற்றைக் களத்தில் இயக்குவது, 2012-இல் உருவான கூட்டு நடவடிக்கைத் தலைமையகம். வெள்ள நிவாரணம் முதல் வெளிநாட்டுப் பணி வரை பெரும்பாலானவை அதன் பொறுப்பு. சிறப்பு அதிரடிப் படைகளுக்கு 2006 முதல் தனித் தலைமை உண்டு. வட அமெரிக்க வான்பரப்பை அமெரிக்காவுடன் சேர்ந்து காக்கும் நோராட் அமைப்பு 1958 முதல் இயங்குகிறது. அதன் தளபதி அமெரிக்கர், துணைத் தளபதி கனடியர்.

இணைப்பின் விளைவை ஒரு போர்க்கப்பலில் பார்க்கலாம். ஹாலிஃபாக்ஸ் ரகக் கப்பலை நடத்துவது கடற்படை. அதன் மேல்தளத்திலிருந்து எழும் சைக்ளோன் ஹெலிகாப்டரை ஓட்டுபவர் விமானப்படை அதிகாரி. சமையல், கணக்கு, மருத்துவம், ராணுவப் போலீஸ் போன்ற பிரிவினர் மூன்றில் ஏதேனும் ஒரு சீருடையை அணிந்திருந்தாலும் எந்த முகாமுக்கும் மாற்றப்படலாம். கடற்படை உடையில் ஒருவர் தரைப்படை முகாமில் வேலை பார்ப்பது அங்கே சாதாரணம்.

ஒரே சீருடை என்ற ஏற்பாடு இரண்டு பத்தாண்டுகள்கூட முழுதாகத் தாங்கவில்லை. 1980-களில் தனித்தனி உடைகள் மீண்டும் வந்தன. 2011 ஆகஸ்ட் 16 அன்று ராயல் கனடியக் கடற்படை, கனடியத் தரைப்படை, ராயல் கனடிய விமானப்படை என்ற பெயர்களும் திரும்பின. ஆனாலும் இவை தனிப் படைகளாகவில்லை. ஒரே படையின் பிரிவுகளாகவே தொடர்கின்றன. ஹெல்லியர் கொண்டுவந்த மாற்றங்களில் வீரர்களின் அடையாளத்தைத் தொட்டவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. ஒற்றைத் தலைமையும் பொது நிர்வாகமும் நிலைத்துவிட்டன.