பட்டப்படிப்பும் படைப்புப் பயிற்சியும்

திருக்குர்ஆனில் முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் ஒருசேரக் குறிப்பிடுகின்றன. படிப்பும் எழுத்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும், கவிதை எழுதும் மாணவர் தேர்வில் பின்தங்குவார் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைப் பழித்தல் தகாது. குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வரும் மாணவரின் மதிப்பெண்ணை நம்பி ஒரு வீடே காத்திருக்கிறது. மறுபுறம், பட்டம் பெற்றபின் எழுதலாம் என்று ஒத்திவைத்தோருள் பலர் பின்னர் எழுதுவதேயில்லை. இவ்விரு இழப்புகளையும் தவிர்க்கும் வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் காட்டிய வழி

டாக்டர் மு. வரதராசனார் பச்சையப்பன் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டமும் பெற்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றியது அவருடைய ஆய்வு. அவ்விரு பட்டங்களுக்கும் இடைப்பட்ட 1946இல் அவருடைய 'செந்தாமரை' நாவல் வெளிவந்தது. ஆய்வு முடியட்டும் என்று அவருடைய நாவல் காத்திருக்கவில்லை.

வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய கவிக்கோ அப்துல் ரகுமான் 1974இல் 'பால்வீதி'யை வெளியிட்டார். கவிதையில் தாம் கையாண்ட குறியீட்டையே ஆய்வுப் பொருளாகவும் கொண்டு முனைவர் பட்டம் பெற்றார். 1999இல் 'ஆலாபனை' அவருக்குச் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது. படிப்பு படைப்புக்கு உரமாதலை இங்குக் காண்கிறோம்.

இலக்கியம் பயில்வோர்க்கே இது இயலும் என்பார்க்கு ருசிய எழுத்தாளர் செகாவ் விடையாவார். 1879இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கிய அவர், குடும்பத்தைக் காக்கும் பொருட்டு இதழ்களுக்குச் சிறு நகைச்சுவைக் கதைகள் எழுதியவாறே 1884இல் மருத்துவரானார். அவர் மாணவராயிருந்தபோது பெரும்பாலும் சிறிய வடிவங்களையே மேற்கொண்டமை கருதத்தக்கது.

காலப் பகுப்பு

அளவிற் சிறிதாயினும் இடைவிடாது செய்யப்பெறும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பது நபிமொழியின் கருத்து. எழுத்துப் பயிற்சிக்கும் இது பொருந்தும். வாரத்தில் ஒருநாள் ஐந்து மணிநேரம் எழுதுவதினும் நாள்தோறும் அரைமணி நேரம் எழுதுவது நன்று. நெடிய இடைவெளிக்குப் பின் எழுத அமர்பவர், விட்ட இடத்தைத் தேடுவதிலேயே பாதி நேரத்தைச் செலவிடுகிறார்.

ஐவேளைத் தொழுகையால் நாளைப் பகுத்து வாழும் நம் மாணவர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. வைகறைத் தொழுகைக்குப் பின்னர் அரைமணி நேரத்தைப் படைப்புக்கு ஒதுக்கலாம். மாலையும் இரவும் பாடத்திற்கு உரியனவாகட்டும். இரண்டிற்கும் தனித்தனிக் குறிப்பேடுகள் வேண்டும். ஆய்வு சான்று கேட்பது. படைப்பு அனுபவம் கேட்பது. ஒரே அமர்வில் இரண்டையும் கலப்பின் கட்டுரையில் கற்பனையும், கவிதையில் மேற்கோளும் மிகும்.

பருவத் தேர்வு நெருங்குகையில் அளவைச் சுருக்கலாம். நாளொன்றுக்கு ஐந்து வரியே போதும். ஆனால் அடியோடு நிறுத்துதல் கூடாது. வகுப்பு நாட்களில் சிறுகதை, கவிதை ஆகியவற்றின் முதற்படியை எழுதி, திருத்தும் பணியை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடமும் துணையும்

காலத்தைப் போன்றே இடமும் இன்றியமையாதது. தனியறை இல்லாத வீட்டு மாணவர் யாது செய்வார்? சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் இவ்வினாவிற்கு ஒரு விடையாகும். சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே அங்கு ஒரு பகுதி உண்டு. தமிழ் நூல்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. ஒரு கூரையின்கீழ்ப் பாடத்தை முடித்துவிட்டு இலக்கியத்திற்குச் செல்லலாம். அத்தகைய நூலகம் அருகில் இல்லாதார் ஊர்ப்புற நூலகத்தையோ கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையையோ நாளும் ஒரே நேரத்தில் நாடினால் அதுவும் பயன்தரும்.

பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. அவர்கள் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படிப்பதையும் கடமையாகக் கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழ் வேலைக்கு வழிகாட்டும். ஆனால் நம் தெருவின் கதையையும் நம் தாய்மாரின் பேச்சையும் ஏட்டில் ஏற்ற, அவற்றோடு வளர்ந்த இம்மாணவரே வரவேண்டும்.