இருட்டைக் காக்கும் ஊர்

பௌர்ணமி இரவு. வாசலில் நின்று நிலாவைப் பார்க்கிறோம். அழகாக இருக்கிறது. செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறோம். படத்தில் என்ன தெரிகிறது? வெள்ளையாக ஒரு பொட்டு. அவ்வளவுதான். நாம் கண்ணால் பார்த்த கறைகள் ஒன்றும் அதில் இல்லை.

ஏன் அப்படி?

நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. நமக்கு இரவு. ஆனால் அங்கே சூரிய வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கிறது. கேமராவுக்கு இது தெரியாது. சுற்றிலும் இருட்டாக இருப்பதால் அது நிறைய ஒளியை உள்ளே விடுகிறது. நிலா வெளுத்துப் போகிறது. பகலில் படம் எடுப்பது போல, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை விட்டால் போதும். கறைகள் தெளிவாகத் தெரியும். செல்போனில் நிலாவின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். கை ஆடாமல் இருக்கப் போனைச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

இன்னொரு விஷயம். படம் எடுக்கப் பௌர்ணமியை விட அரை நிலாவே நல்லது. அப்போது வெயில் பக்கவாட்டில் விழும். மலைகளுக்கும் குழிகளுக்கும் நிழல் இருக்கும். மேடு பள்ளம் நன்றாகத் தெரியும்.

நட்சத்திரங்களைப் படம் எடுப்பது வேறு வேலை. அவற்றின் ஒளி மிகக் குறைவு. குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. குடம் நிறைய வேண்டும். என்ன செய்வோம்? குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்போம். கேமராவும் அப்படித்தான். அதன் கண்ணைப் பத்துப் பதினைந்து நொடி திறந்தே வைக்க வேண்டும். ஒளி சேரும்.

அப்படியானால் ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாமே? அங்கேதான் சிக்கல். பூமி சுழல்கிறது. அதனால் வானம் நகர்வது போல் தோன்றுகிறது. இரண்டே நிமிடத்தில் வானம் ஒரு நிலா அகலத்துக்கு நகர்ந்துவிடும். படத்தில் நட்சத்திரம் புள்ளியாக இருக்காது. கோடாக இழுத்துவிடும்.

இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேமராவைச் சுழலும் தாங்கி ஒன்றில் பொருத்தினார்கள். பூமி ஒரு பக்கம் சுழன்றால், தாங்கி அதே வேகத்தில் எதிர்ப் பக்கம் சுழலும். கேமரா ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தை, மாசி மாதங்களில் முன்னிரவில் வானத்தைப் பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அவற்றின் அருகே மங்கலாக ஒரு சிறு புகை போலத் தெரியும். அது புகை அல்ல. நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். வாயுவும் தூசியும் சேர்ந்த பெரிய மேகம். அதை விண்முகில் என்கிறார்கள். நெபுலா என்றும் சொல்வார்கள். 1880-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் அதை முதன்முதலில் படம் பிடித்தார். கேமராவை 51 நிமிடம் திறந்து வைத்தார். அவருடைய தந்தையும் லேசுப்பட்டவர் அல்ல. 1840-லேயே நிலாவைப் படம் எடுத்தவர்.

நிலாவின் ஒளி நம்மிடம் வந்து சேர ஒன்றேகால் நொடிதான் ஆகிறது. இந்த விண்முகிலின் ஒளி வர ஏறக்குறைய 1300 ஆண்டுகள் ஆகின்றன. நாளந்தாவில் மாணவர்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் புறப்பட்ட ஒளி இன்று வந்து சேருகிறது! நம் கண்ணுக்கு அது சாம்பல் நிறமாகத் தெரியும். மங்கலான ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. படத்தில் அது சிவப்பாக இருக்கும்.

இந்தப் படங்களுக்கெல்லாம் முதல் தேவை எது? விலை உயர்ந்த கேமரா என்று நினைப்போம். இல்லை, இருட்டுதான். நகரத்தில் தெரு விளக்கு வெளிச்சம் வானத்தில் பரவிவிடுகிறது. விண்முகிலின் ஒளி அதில் கரைந்து போகிறது.

நம் நாட்டில் நல்ல இருட்டு உள்ள ஊர் ஹான்லே. லடாக்கில், சீன எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மழை குறைவு. மேகமும் குறைவு. ஊருக்கு அருகே உள்ள மலை உச்சியில், சுமார் 14,800 அடி உயரத்தில், ஒரு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள தொலைநோக்கியின் கண்ணாடி ஆறரை அடி அகலம். 2000-ஆம் ஆண்டு முதல் வானத்தைப் பார்த்து வருகிறது. அதை இயக்குவது யார் தெரியுமா? பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள ஹோசகோட்டேயில் உட்கார்ந்திருக்கும் விஞ்ஞானிகள். செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள்.

ஊர் வளர்ந்தால் விளக்கு பெருகும். சுற்றுலாக் கார்கள் வரும். ஒரு காரின் முன்விளக்கு போதும், ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்த படம் வீணாகிவிடும். அதற்காக மக்களிடம் விளக்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மின்சாரத்துக்காக மனு எழுதிக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், விளக்கின் அருமை. இருட்டு வேண்டும் என்று வெளியூர்க்காரர் சொல்வது எளிது.

2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றி 1073 சதுர கிலோமீட்டரை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. விளக்குக்கு மூடி போட்டு, ஒளியைக் கீழே மட்டும் விடச் சொன்னார்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை போடச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு வானத்தைப் பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். தொலைநோக்கிகளும் கொடுத்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். வரும் விருந்தினருக்கு அவர்கள் வானத்தைக் காட்டுகிறார்கள். அதில் வருமானம் வருகிறது. இருட்டால் காசு வரும்போதுதான் அதைக் காக்கவும் மனம் வரும். இது நியாயமான ஏற்பாடு.

ஹான்லே வானாய்வகத்தில் வேலை பார்ப்பவர் டோர்ஜே அங்சுக் என்ற பொறியாளர். லடாக்கைச் சேர்ந்தவர். பூமி சுழல்வதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். 2025 ஜனவரியில் சுழலும் தாங்கியில் கேமராவை வைத்து, அடுத்தடுத்துப் படங்கள் எடுத்தார். கடும் குளிர். பேட்டரி விரைவில் தீர்ந்து போனது. கேமராவும் தகராறு செய்தது. நான்கு இரவுகள் முயன்றார். பிறகு படங்களைச் சேர்த்து ஓட விட்டார். அந்தப் படத்தில் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கின்றன. தரைதான் மெல்லச் சாய்ந்து சுழன்றுகொண்டே போகிறது.