கோப்பு ஏறிவிட்டது, ஆனால் படித்ததா?

மாணவர்களே, வரலாற்று இடுபணிக்காக நாற்பது பக்கக் கோப்பு ஒன்றைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கொடுத்து, "இதைச் சுருக்கித் தா" என்று கேட்கிறீர்கள். சில வினாடிகளில் ஐந்து குறிப்புகள் வந்துவிடுகின்றன. எழுத்துப்பிழை இல்லை, நடையும் நன்றாக இருக்கிறது. ஆனால், அந்த உதவியாளர் உங்கள் கோப்பில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல், கோப்பின் பெயரையும் உங்கள் கேள்வியையும் வைத்தே அவற்றை எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு.

கோப்பு பதிவேறுவது ஒன்று. அது படிக்கப்படுவது வேறொன்று. "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று அறிவிப்பு வந்தால் உங்களுக்கு நேரம்தான் வீணாகும். அறிவிப்பு எதுவும் இல்லாமல் நடக்கும் கோளாறுதான் ஆபத்தானது. தவறான விடையை நம்பி எழுதி, அதையே படித்து, தேர்வுக்கும் போய்விடுவீர்கள். ஆகவே, கோளாறு எங்கெல்லாம் நேரும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

கோப்பு ஏற மறுத்தால்

முதலில் எளிதான கோளாறு. கோப்பு ஏறாமல் நின்றால் மூன்றைச் சரிபாருங்கள்: அளவு, வகை, பூட்டு.

ஒவ்வொரு உதவியாளருக்கும் ஓர் அளவு வரம்பு உண்டு. படங்கள் நிறைந்த கோப்பு அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். தேவையான பக்கங்களை மட்டும் தனியாகப் பிரித்துச் சேமித்துக் கொடுங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பு என்றால், பூட்டை நீக்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும்.

வகையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள மூன்று நான்கு எழுத்துகளை மாற்றினால் கோப்பின் வகையும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி மாறாது. மைலோ டின்னில் 'சீனி' என்று ஒட்டினால் உள்ளே இருப்பது சீனியாகிவிடுமா? பல வகைக் கோப்புகள் தம் அடையாளத்தை உள்ளேயே வைத்திருக்கின்றன. பிடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் சதவீதக் குறியும் அதை அடுத்து பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். வேர்ட் கோப்போ உண்மையில் பல சிறிய கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. வகையை மாற்ற வேண்டுமானால், அந்தக் கோப்பை அதற்குரிய செயலியில் திறந்து, வேறு வகையாகச் சேமிக்க வேண்டும்.

ஐபோனில் எடுத்த படங்களுக்கும் இதே சிக்கல் வருவதுண்டு. 2017ஆம் ஆண்டு ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, ஐபோன்கள் படங்களை 'ஹெய்க்' என்ற வகையில் சேமிக்கின்றன. எல்லாச் செயலிகளுக்கும் அது புரிவதில்லை. படத்தை 'ஜேபெக்' வகைக்கு மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்து, கணினிக்குத் தெரியாத எழுத்து

இனி, சத்தமில்லாமல் நடக்கும் கோளாறுகளுக்கு வருவோம்.

பிடிஎஃப் கோப்புகளில் இரண்டு விதம் உண்டு. கணினியில் தட்டச்சு செய்து சேமித்த கோப்பில் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும். புத்தகத்தை ஸ்கேன் செய்தோ திறன்பேசியில் படம் பிடித்தோ உருவாக்கிய கோப்பில் இருப்பது வெறும் படம். உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கோ இரண்டாவது கோப்பு, எழுத்தே இல்லாத புகைப்படத் தொகுப்பு.

எந்த விதம் என்று அறிய ஒரு சோதனை போதும். கோப்பைத் திறந்து, ஒரு வரியின் மேல் சுட்டியை இழுத்துப் பாருங்கள். எழுத்துகள் நீல நிறத்தில் தேர்வாகின்றனவா? அப்படியானால் எழுத்து இருக்கிறது. பக்கம் முழுவதும் ஒரே கட்டமாகத் தேர்வானாலோ எதுவுமே தேர்வாகாவிட்டாலோ அது படம்.

படத்திலிருந்து எழுத்தைக் கண்டறிய 'எழுத்துணரி' என்ற மென்பொருள் தேவை. சில உதவியாளர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்கின்றன, சில செய்வதில்லை. செய்தாலும், மங்கலான படத்தில் ஊகம் நுழைந்துவிடும். '1' என்பது '7' ஆகலாம். 'ன' என்பது 'ண' ஆகலாம். ஆகவே படம் எடுக்கும்போது பக்கத்தைச் சமமாக வைத்து, நிழல் விழாமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத் தெளிவு குறைந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது.

அழகாகத் தெரியும் தவறு

"எண் தெளிவாகத் தெரிகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். 2013இல் நடந்த ஒன்றைக் கேளுங்கள். ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது எண்கள் மாறியிருந்ததைக் கண்டார். 21.11 சதுர மீட்டர் என்று இருந்த அறையின் பரப்பளவு, நகலில் 14.13 என்று வந்திருந்தது. வேறு ஆவணங்களில் 6 என்ற எண் 8 ஆகியிருந்தது. எதுவும் மங்கலாக இல்லை. எல்லாம் பளிச்சென்று இருந்தன.

காரணம் என்ன? கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, அந்த இயந்திரம் ஒரே மாதிரி தோன்றும் சிறு கட்டங்களை ஒரு முறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டியது. சின்ன எழுத்துகளில், 6உம் 8உம் அதற்கு ஒரே மாதிரி தோன்றின. அந்த நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது.

இது செயற்கை நுண்ணறிவின் கதை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். மங்கலான எண்ணைக் கண்டால் நாம் சந்தேகப்படுவோம். தெளிவான எண்ணை நம்பிவிடுவோம். உதவியாளரின் விடைகள் எப்போதும் தெளிவான நடையில்தான் வரும். தெளிவு உண்மைக்குச் சான்று ஆகாது.

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய சிக்கல்

பழைய தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கொடுத்தால், உதவியாளர் "இதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே உள்ளன" என்று சொல்லலாம். திரையில் அழகான தமிழ் தெரிகிறதே! என்ன நடந்தது?

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைத்தான் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு உலகப் பொது ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அதுதான் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் அது பரவுவதற்கு முன்பும், பரவிய பிறகும்கூட, பாமினி போன்ற எழுத்துருக்கள் வேறு வழியில் இயங்கின. அவை ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை வைத்துக்கொண்டு, அதன்மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டின. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கோப்பில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தமிழ் உருவம் எழுத்துருவில் இருக்கிறது, கோப்பில் இல்லை.

இதற்கும் சோதனை எளிது. ஒரு வரியை நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. அத்தகைய எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொடுங்கள்.

முழுவதும் படித்ததா, பாதியா?

உதவியாளர் ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்துக்கொள்ளும் எழுத்தின் அளவுக்கு எல்லை உண்டு. அந்த அளவை 'டோக்கன்' என்ற சிறு துண்டுகளில் கணக்கிடுவார்கள். பல உதவியாளர்களில், ஒரே செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தமிழில் எழுதினால் அதிகத் துண்டுகள் செலவாகின்றன. கணினியில் சேமிக்கும் அளவிலேயே அந்த வேறுபாட்டைக் காணலாம். யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட்டுகள் வேண்டும். ஐந்து ஆங்கில எழுத்துகளில் அதே சொல்லை எழுதினால் 5 பைட்டுகளே போதும்.

நீண்ட கோப்பு வந்தால், சில உதவியாளர்கள் கடைசிப் பகுதியை விட்டுவிடுகின்றன. வேறு சில, உங்கள் கேள்விக்குத் தொடர்புடையவை என்று கருதும் பகுதிகளை மட்டும் தேடி எடுத்துப் படிக்கின்றன. "இந்தச் சொல் எத்தனை முறை வருகிறது?", "எல்லா அத்தியாயங்களையும் ஒப்பிடு" போன்ற கேள்விகளுக்குத் தவறான விடை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோப்பை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் சுருக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் சேர்த்துக் கேளுங்கள்.

அட்டவணையைக் கொடுக்கும்போது

படிவம் 4 இயற்பியலில் எளிய ஊசல் சோதனையைச் செய்திருப்பீர்கள். நூலின் நீளம் 20, 40, 60, 80, 100 சென்டிமீட்டர். அலைவு நேரம் முறையே 0.90, 1.27, 1.55, 1.79, 2.01 வினாடி என்று வைத்துக்கொள்வோம். அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் (நீளத்தை மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்) கோட்டின் சரிவு சுமார் 4.03 வரும். புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.8 என்று கிடைக்கும்.

இப்போது கடைசிக் கட்டத்தில் மட்டும் '2.01 வினாடி' என்று அலகையும் சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டீர்கள் என்றால், கணினிக்கு அது எண் அல்ல, சொல். அந்த வரிசை சத்தமின்றி விடுபடலாம். அல்லது சுழியமாக எடுத்துக்கொள்ளப்படலாம். சுழியமாக எடுத்தால், மேலேறிச் செல்ல வேண்டிய கோட்டின் சரிவு ஏறத்தாழ சுழியமாகிவிடும். அதற்கும் ஒரு "விளக்கம்" எழுதித் தர உதவியாளர் தயங்காது!

அலகைத் தலைப்பு வரிசையில் மட்டும் எழுதுங்கள். ஒன்றிணைத்த கட்டங்களைத் தவிருங்கள். கேள்வி கேட்பதற்கு முன், "எத்தனை வரிசைகள் படித்தாய்? முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் அப்படியே காட்டு" என்று கேளுங்கள். கணக்கை நிரல் எழுதிச் செய்யும் வசதி இருந்தால், அப்படியே செய்யச் சொல்லுங்கள். ஒரு விடையையாவது கணிப்பானில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

மூன்று கேள்விச் சோதனை

எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், வேலையைத் தொடங்குவதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. "கடைசிப் பக்கத்தின் முதல் வரியை அப்படியே எழுது." கோப்பு முழுவதும் உள்ளே போனதா என்பது தெரியும்.

2. கோப்பின் நடுவில் மட்டுமே உள்ள ஒரு சிறு தகவலைக் கேளுங்கள். பக்க எண்ணையும் கேளுங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து சரிபாருங்கள்.

3. கோப்பில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். "இல்லை" என்று சொன்னால் நல்லது. விளக்கமாக ஒரு விடை வந்தால், அது கோப்பைப் பார்த்துப் பேசவில்லை.

மூன்றாவது கேள்வியை எளிதாக எண்ணாதீர்கள். அறிவியல் சோதனையில் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றை வைக்கிறோமே, அதே வேலையைத்தான் இந்தக் கேள்வியும் செய்கிறது. விடை என்னவென்று முன்கூட்டியே தெரிந்த ஓர் இடத்தில் கருவியைச் சோதித்த பிறகுதான், தெரியாத இடத்தில் அதை நம்பலாம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, நண்பர்களின் பெயர், மதிப்பெண் பட்டியல் ஆகியவை உள்ள கோப்புகளைப் பதிவேற்றாதீர்கள். தேவையென்றால் அந்தப் பகுதிகளை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

மேற்சொன்ன சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது, நடுவில் என்ன இருக்கிறது, எது இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியும். ஆகவே, கோப்பை ஏற்றுவதற்கு முன் நீங்கள் ஒரு முறை புரட்டிப் படித்துவிடுங்கள்.