உரோமையின் நிலத்தடிக் கல்லறைகள்



உரோமையின் நிலத்தடிக் கல்லறைகள் என்றதும், வேதகலாபனைக்கு அஞ்சிக் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த குகைகள் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பழைய திரைப்படங்கள் கற்றுத்தந்த பாடம் அது! உண்மையில் அவை இறந்தோரை அடக்கம் செய்யத் தோண்டப்பட்டவை. நகருக்குள் எவரையும் புதைக்கக் கூடாது என்பது உரோமைச் சட்டம். ஆகவே ஆப்பியா சாலை போன்ற நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இடம் தேடினார்கள். அங்கே பூமிக்கடியில் இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறை. வெட்டும்போது எளிதில் வெட்டுப்படும்; காற்றுப் பட்டதும் கெட்டியாகிவிடும். மேலே நிலம் போதாததால், கீழே தோண்டிக்கொண்டே போனார்கள். புனித கலிஸ்து கல்லறையில் மட்டும் நான்கு அடுக்குகளில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதைகள் உள்ளன. இருபுறச் சுவர்களிலும் அலமாரித் தட்டுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லறைகள்.

யார் இந்தக் கலிஸ்து? அடிமையாக இருந்தவர். சர்தீனியாத் தீவின் சுரங்கங்களில் உழைக்கத் தண்டனை பெற்றவர். அவரிடம்தான் திருத்தந்தை செபிரினுஸ், ஏறத்தாழ 199ஆம் ஆண்டில், இக்கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பை ஒப்படைத்தார். 217இல் கலிஸ்துவே திருத்தந்தையானார். மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் ஒன்பது பேர் அங்கே அடக்கமானார்கள். கலிஸ்துவோ வேறோரிடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

புனித இப்போலித்துவின் பெயரால் வழங்கும் 'திருத்தூதர் மரபு' என்ற பழைய நூலில் ஓர் ஒழுங்கு உண்டு. அடக்கத்திற்காக மக்கள்மேல் பெரும் சுமை ஏற்றக் கூடாது. கல்லறை ஏழைகள் எல்லாருக்கும் உரியது. தோண்டுபவரின் கூலியும், கல்லறையை மூடும் ஓடுகளின் விலையும் கொடுத்தால் போதும். அந்தச் சுவர்களில் உள்ள ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில், இறந்தவர் அடிமையா, உரிமைக் குடிமகனா என்ற குறிப்பு மிக அரிதாகவே காணப்படுகிறது. வெளியே உரோமைச் சமூகம் முழுவதும் அந்தப் பிரிவின்மேல்தான் நின்றது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதைச் சொல்லும்போது நம் கல்லறைத் தோட்டங்களைப் பற்றிப் பேசாமலிருக்க முடியவில்லை. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள் இறந்த பின், அவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நாம். சில ஊர்களில் அது இன்னும் நிற்கிறது.

உரோமையிலும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. நான்காம் நூற்றாண்டில் மறைசாட்சிகளுக்கு அருகே இடம்பிடிக்கப் போட்டி எழுந்தது. தோண்டுபவர்களிடமிருந்து கல்லறையை விலைக்கு வாங்கியதைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. திருத்தந்தை தமாசு அங்கே அடக்கமாக விரும்பியும், புனிதர்களின் சாம்பலைக் கலைக்க அஞ்சி விலகிக்கொண்டார்.

பெயர் பொறித்த பளிங்குக்கு வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? ஓடுகளை வைத்து மூடியபின், சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள், ஒரு நாணயத்தையோ, சிப்பியையோ, உடைந்த கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பாகத்தையோ அதில் பதித்தார்கள். மறுமுறை விளக்கோடு இறங்கிவரும்போது தம்மவரின் கல்லறையைக் கண்டுகொள்ளும் அடையாளம் அது. அவற்றில் சில இன்றும் அந்தச் சாந்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.