பூமிக்குள் இறங்கும் தலைநகரம்!

மெக்சிகோ நாட்டின் தலைநகரம் மெக்சிகோ நகரம். மக்கள் பேசுவது ஸ்பானிஷ் மொழி. நகரம் இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். புதிதாகப் போகிறவர்கள் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும்!

ஆஸ்டெக் மக்கள் ஏரித் தீவில் கட்டிய ஊர் இது. 1521-ல் ஸ்பானியர் பிடித்தனர். ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வைத்தனர்.

இன்று சுற்றுப்புறத்தையும் சேர்த்து 2 கோடிக்கு மேற்பட்ட மக்கள். அவர்கள் தாகம் தீரப் பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். அடியில் இருப்பதோ களிமண். தண்ணீர் குறையக் குறைய அது அமுங்குகிறது. நகரமும் இறங்குகிறது!

நம்ப முடியவில்லையா? 1910-ல் திறந்த சுதந்திர தேவதைத் தூணைப் பாருங்கள். முதலில் 9 படிகள்தான். ஆழமான அஸ்திவாரம், தூண் அசையவில்லை. சுற்றியுள்ள தரை இறங்கிவிட்டது. ஏறுவதற்கு மேலும் 14 படிகள் கட்டினார்கள்!