பழைய விதைநெல்லும் அதன் உள்ளே நிகழும் செப்பனிடுதலும்

திருவாதவூர் முதலிய மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், கண்மாய் எப்பொழுது பெருகும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை. மழை தவறிய வருஷத்தில் நாற்றங்காலுக்கு வைத்த நெல் அப்படியே தங்கிவிடுகிறது. அதனை மறு பருவத்தில் விதைக்கலாமா, அன்றி அரிசியாக்கிவிடலாமா என்பது குடியானவருக்குச் சிறிய கவலையன்று.

நெல்லின் ஒவ்வோர் உயிரணுவிலும், பயிரின் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருள் முறுக்கிய நூலேணி போல் அமைந்துள்ளது. அந்நூல் ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின்மேல், உருளைக்கு ஏறக்குறைய 147 படிகள் வீதம் சுற்றப்பட்டிருக்கிறது. நூலும் உருளையும் கூடியதே குரோமாட்டின். விதை முற்றிக் காயுங்கால் குரோமாட்டின் இறுகி, உட்கரு சிறுத்துவிடுகிறது என்பதை அராபிடாப்ஸிஸ் என்னும் கடுகினச் செடியில் 2011-ஆம் வருஷம் கண்டனர்.

இறுகிக் கிடப்பினும் நூலுக்குச் சேதமில்லாமலில்லை. ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்தில் அது ஆங்காங்கு அறுகிறது. காய்ந்த விதையில் செப்பனிடும் வேலை பெரும்பாலும் நடவாது. ஆகவே சேதம் வட்டிக் கடன்போல் ஏறிக்கொண்டே வரும்.

நெல்லை ஊறவைத்த பின்னரே கடன் தீரத் தொடங்குகிறது. அறுந்த இடத்தருகே ஹிஸ்டோன்மீது இரசாயன அடையாளம் விழுகிறது. உருளைகளை நகர்த்தும் புரதங்கள் சுற்றைத் தளர்த்துகின்றன. அதன்மேல் ஒட்டும் புரதங்கள் அறுந்த முனைகளை அணுகுகின்றன. உருளை நகர்த்தும் புரதங்கள் குறைந்த மக்காச்சோளமும் அராபிடாப்ஸிஸும், புற ஊதாக் கதிரால் நேர்ந்த சேதத்தைச் சரிவரச் செப்பனிடவில்லை என்பது 2012-இல் வெளியான அர்ஜென்டீனா ஆராய்ச்சியால் தெரிந்தது.

பழைய நெல் தாமதித்து முளைப்பதைப் பலரும் குறையென்றே எண்ணுவர். இங்கிலாந்தில் லீட்ஸ் சர்வகலாசாலையார் 2016-இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாயுள்ளது. ஏ.டி.எம். என்னும் காவற் புரதம், செப்பனிடுவதற்கு அவகாசம் தந்து முளையைத் தடுத்து நிறுத்துகிறது. அஃதில்லாத முதிய அராபிடாப்ஸிஸ் விதைகள் விரைந்து முளைத்தன. ஆனால் அவற்றில் குரோமோசோம் முறிவுகள் மிகுந்திருந்தன.

சான்று பெற்ற நெல்விதையில் ஈரம் 13 சதத்துக்கு மேற்படலாகாது. ஈரம் 1 சதம் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ஹாரிங்டன் வகுத்த கணக்கு. வைக்கோற் கோட்டையில் எவ்வளவு நன்றாய்க் காயவைத்துக் கட்டினாலும், ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றை அது உறிஞ்சிக்கொள்ளும்; அடை மழைக்குப் பின் அவிழ்த்து மறுபடி காயவைப்பது அவசியம்.

சந்தேகமிருப்பின் 100 மணிகளை ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வைத்து, 5-ஆம் நாளும் 14-ஆம் நாளும் எண்ணுக. சான்று விதைக்கு 80 முளைக்க வேண்டும். வேர் கோணியவற்றையும் வெளுத்தவற்றையும் கணக்கில் சேர்க்கலாகாது.